நிரோசினியின் கல்யாணச் சவரி

அளம்பில்
27.10.1994

அன்பு மகள் யூலியானாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நாங்கள் இங்கே சுகம், நீயும் மருமகனும் என் பேரனும் அந்தக் குளிருக்குள் அப்படியே சுகமாக இருக்க வேண்டுமென்று செபமாலையில் ஒரு மணி கூடுதலாக உருட்டுகிறேன். முதலில் ஒரு வெட்கக்கேட்டைச் சொல்லிவிடுகிறேன். நீ பாரிசில் சுவரில் மாட்டியிருக்கிற எங்கள் கல்யாணப் படத்தில் முழங்காலைத் தொடுகிற பின்னல் இருக்கிறதே, வருகிற சனத்துக்கெல்லாம் எங்கள் அம்மாவின் தலைமயிரைப் பாருங்கள் என்று காட்டுகிறாயாமே, அது என்னுடையதல்ல. பெரியம்மாவிடம் இரவல் வாங்கிக் கட்டிய சவரி. எனக்கு அப்போதும் எலிவால்தான். கல்யாணத்துக்கு மறுநாள் விடிய, ஆணியில் தொங்கிய சவரியைச் சாரைப்பாம்பென்று நினைத்து உன் கொப்பர் மீன் குத்துகிற மண்டாவைத் தூக்கிக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு வருடமாக இரண்டு பேரும் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. இப்போது ஏன் சொல்கிறேன் என்றால் உன் தங்கச்சியின் கல்யாணமும் ஒரு சவரியால்தான் நடந்தது.

ஆனியில் நிரோசினிக்கு நெருப்புக்காய்ச்சல் வந்ததை எழுதியிருந்தேன். காய்ச்சல் போனது, போகும்போது தலைமயிரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வெட்டியதும் கொட்டியதும் போக மிஞ்சியது ஒரு சாண் குஞ்சம். கோயிலில் மூன்று ஞாயிறும் கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தாயிற்று, மாப்பிள்ளை வீட்டார் பந்தலுக்குத் தடியும் வெட்டியாயிற்று, இவள் கட்டிலில் குப்புறப் படுத்துக்கொண்டு, மயிர் வளர்ந்த பிறகு கட்டுகிறன், பீடத்துக்கு முன்னால் கோழிக்குஞ்சு மாதிரி நிற்கமாட்டன் என்றாள். மாப்பிள்ளை ஆள் அனுப்பி, எனக்கு ஆள்தான் வேணும், மயிர் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. நான் எல்லாவற்றுக்கும் பகிடி விடுகிறவள், அவள் அழுதபோது எனக்குப் பகிடி வரவில்லை பிள்ளை.

கல்யாணப் பொம்பிளைகளைச் சோடித்து வெளிக்கிடுத்துகிற கமலாசனியிடம் போனேன். அவளிடம் அசல் மயிரில் ஒரு சவரி இருந்தது, தொட்டால் பட்டுப்போல, ஆனால் ஒரு நாள் வாடகைக்கு அவள் கேட்ட காசில் பந்திக்கு இரண்டு ஆடு வாங்கலாம். மற்றது வவுனியாவிலிருந்து கொண்டுவந்த நைலோன். தாண்டிக்குளத்தில் பையைச் சோதித்த ஆமிக்காரன் அதைத் தொட்டுவிட்டுக் கையை உதறினானாம். மலிவுதான், வெயிலில் பிடித்தால் புதுத் தகரம் மாதிரி மின்னுகிறது. நிரோசினியின் தலையில் வைத்துப் பார்த்தோம், விலாங்குக்குத் திருக்கைவால் ஒட்டியது போல இருந்தது. அவளே சிரித்துவிட்டாள், பிறகு முந்தியதைவிடக் கூட அழுதாள்.

அப்போதுதான் உன் கொப்பர் பேணி எங்கே என்று கேட்டார். உனக்குத் தெரியுமே, சீப்பில் வருகிற மயிரையெல்லாம் சுருட்டிப் பால்மாத் தகரப் பேணிக்குள் அடைத்து வைப்பேன், என்னுடையது, தங்கச்சியுடையது, நீ போகும்வரை உன்னுடையதும். தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடும்போது அரிசிப் பானையை விட்டுவிட்டு இந்தப் பேணியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்த மனிசன்தான் கேட்டவர். நான் கழுவிச் சிக்கெடுத்து நீளம் நீளமாகப் பிரித்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கதிரைக்கு நடுவில் பருத்தி நூலை இழுத்துக் கட்டி, வலை பொத்துகிறவர்போலக் குந்தியிருந்து, பத்துப் பத்து மயிராக எடுத்து அந்த நூலில் வலைக்கண்ணி போடுகிற முடிச்சிலேயே முடிந்தார். ஏழு நாள் கடலுக்குப் போகவில்லை. கயிறு அறுத்துத் தடித்துப்போன அந்த விரல்களா இப்படிச் செய்கின்றன என்று நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை, சொன்னால் பிறகு அவரைப் பிடிக்க ஏலாது. உனக்கு மட்டும் எழுதுகிறேன், அப்படியொரு மனிசன் இந்தக் கரையில் இல்லை.

முழந்தாளிடும்போது கழன்று விழுந்தால் நான் செத்துப்போவன் என்று அவள் கடைசி நேரத்திலும் பயந்தாள். கொப்பர் தானே அதை அவளுடைய குஞ்சத்தோடு சேர்த்துக் கட்டி, “சுறா இழுத்தாலும் அவிழாது, நீ போய் முழந்தாளிடு பிள்ளை” என்றார். முழந்தாளிட்டாள், எழும்பினாள், தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்து வந்தாள். எந்தக் கடையில் எடுத்தது என்று கமலாசனியே என் காதுக்குள் கேட்டாள். பின்னலின் நடுவில் செம்பட்டையாக ஓடியது உன்னுடைய மயிர். தங்கச்சியின் கல்யாணத்துக்கு வரக் கிடைக்கவில்லை என்று இனி அழாதே, பீடம் வரைக்கும் போய்விட்டுத்தான் வந்திருக்கிறாய்.

இனி உன் கதை. பிள்ளை பெற்ற பிறகு மயிர் கொட்டுகிறது, அரை மாதச் சம்பளத்தில் இடுப்பு வரைக்கும் ஒட்டுமயிர் வாங்கட்டோ என்று கேட்டிருந்தாய். வாங்காதே. அது தானாக முளைக்கும், அதுவரைக்கும் கட்டத்தான் வேணுமென்றால் தோள் மட்டத்துக்கு ஒன்று காணும், தலை மெலிந்த நேரத்தில் பாரமானதைக் கட்டினால் இருக்கிறதும் இழுபட்டு வந்துவிடும். கடைக்காரியிடம் ஒரு மயிர் வாங்கிக் கொளுத்திப் பார், கருகி நாறினால் அசல், உருகி உருண்டால் நைலோன், அடுப்படியில் நிற்கிறவளுக்கு அது ஆகாது. நிறத்தை உச்சி மயிரோடு பார்க்காதே, பிடரியோடு வைத்துப் பார். உதிர்கிறதைக் குப்பையில் போடாமல் ஒரு பேணி தேடிக்கொள். பேரனுக்குக் காதை மூடித் தொப்பி போட மறக்காதே. மாதா தன் முக்காட்டுக்குள் உங்கள் மூன்று பேரையும் வைத்திருக்கட்டும்.

ஒன்றை விட்டுவிட்டேன். கோயிலால் வரும்போது மழை பெய்து பருத்தி நூல் இறுகிவிட்டது. கொப்பர் போட்ட முடிச்சைக் கொப்பராலேயே அவிழ்க்க முடியவில்லை, வெட்ட அவள் விடவில்லை. நேற்றுப் புது மருமகன் அவளைச் சைக்கிள் கரியரில் இருத்தி விருந்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பும்போது பின்னல் நுனி பின்சில்லில் சிக்கியது. முடிச்சு அப்படியே இருக்கிறது. சைக்கிள் சங்கிலி அறுந்துவிட்டது.

உன் அம்மா
பே. இராசாத்தி