கம்புக்கு முன்பு என் தோள்

மழை தொடங்கும் முன் உன் கேமரா அலமாரியை ஒழித்துவிடலாம் என்று இன்று காலை திறந்தேன். மூலையில் உன் மோனோபாட், அந்த ஒற்றைக்கால் கம்பு, மடக்கி வைத்தபடியே நின்றது. எடுத்தால், மட்டாஞ்சேரி ஈரத்தில் பிடியின் ஸ்பாஞ்சு உருகிக் கையில் கருப்பாக ஒட்டிக்கொண்டது. மூன்று முறை சோப்புப் போட்டும் போகவில்லை. அந்தக் கம்பின் மேல் எனக்கு என்றைக்குமே பிரியம் இருந்ததில்லை.

அது வருவதற்கு முன்னால் அதன் வேலையைச் செய்தது என் வலது தோள்தான். ஊர் ஊராகப் போவோம். வெளிச்சம் குறைந்த இடத்தில் கை ஆடினால் படமும் ஆடிவிடும் என்று, என்னை முன்னால் நிறுத்தித் தோளில் லென்ஸைத் தாங்கிக்கொள்வாய். நீ குள்ளம், நான்தான் முழங்காலை மடக்க வேண்டும். "இத்திரி தாழ்ந்து நில்லுங்கோ, இன்னும் கொஞ்சம். மூச்சு விடாதேங்கோ, கேட்டேளா" என்று காதோரம் சொல்வாய். நாலு பேர் பார்க்க நாம் அவ்வளவு ஒட்டி நின்றது அப்போது மட்டும்தான்.

கும்பளங்கியில் ஒரு சாயங்காலம், காயலில் இறக்கியிருந்த சீனவலை மேலே வருவதற்காகக் காத்து நின்றோம். கொசு பிடுங்கியது. கால் மரத்துவிட்டது. எனக்கு மூக்கு நுனியில் கோபம் என்பது நீ அறியாததா? "நான் என்ன நட்டு வெச்ச கம்பா? ஒரு கம்பு வாங்கிக்கோ" என்று கத்திவிட்டேன். வலைக்காரர் திரும்பிப் பார்த்தார். அடுத்த வாரமே எறணாகுளம் போய் வாங்கி வந்தாய்.

அப்புறம் உன் படங்கள் அவ்வளவு தெளிவாக வந்தன. "பாருங்கோ, ஒரு இலைகூட ஆடலை" என்று காட்டுவாய். சாயாக்கடை பெஞ்சில் இருந்தபடியே தலையாட்டுவேன். விடுதலை கிடைத்தவன் மாதிரி நடந்துகொண்டேனே தவிர, ஒரு தரம் நீ "வாங்கோ" என்று கூப்பிட மாட்டாயா என்றுதான் இருந்தது. வீம்பில் நீயும் எனக்குக் குறைந்தவள் இல்லை.

தஞ்சாவூர்ப் பக்கம் அந்தப் பழைய அரண்மனையில் காவல்காரர் மறித்தார். "ஸ்டிக்கு உள்ள கூடாதும்மா, இங்கயே வச்சிட்டுப் போங்க." உள்ளே இருட்டு மண்டபம். கேமராவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். வாய் திறந்து கேட்டால் வரலாம் என்று, நான் தள்ளி நின்று ஒரு தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ கேட்கவில்லை. வெறுங்கையில் பிடித்தே ஒரு படம் எடுத்தாய். அதுதான் நாம் சேர்ந்து போன கடைசி ஊர். அடுத்த ஓணத்துக்கு நீ இல்லை.

ஆடிப்போன படத்தை நீ ஒரு நாளும் வைத்துக்கொண்டதில்லை. நின்ற இடத்திலேயே அழித்துவிடுவாய். இன்று கேமராவின் மெமரி கார்டைப் போட்டு எல்லாவற்றையும் பார்த்தேன். ஆடிப்போனது ஒன்றே ஒன்று அழிக்காமல் இருக்கிறது. அந்த மண்டபம். எல்லாம் கலங்கிக் கிடக்க, நடுவில் ஒரு வெள்ளைச் சட்டை. நான்தான். மண்டபத்தை இல்லை, என்னைத்தான் எடுத்திருக்கிறாய்.

ஏன் வைத்திருந்தாய் என்று இனி யாரிடம் கேட்பேன்? நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் நான் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பாரத்தை எங்கேயும் இறக்கி வைக்க முடியவில்லை.