தாழிடாத கதவு

சாவகச்சேரி
12.06.2024

அன்புள்ள சின்னம்மாவுக்கு,

நான் நலம். இங்கே என் போனை எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள்; அதனால்தான் கடிதம். பதிலை நான் படிப்பிக்கும் முன்பள்ளிக்கு அனுப்புங்கள்.

இவருக்கு வேலை நிரந்தரமாகும்வரை பிள்ளை வேண்டாம் என்று கர்ப்பத்தடைக் குளிசை எடுக்கிறேன். எங்கள் பகுதி மருத்துவமாது றஜனி அக்கா தந்தது. "வேற மருந்து ஏதும் பாவிக்கிறீரோ?" என்று கேட்டார். இல்லை என்றேன். அவர் மாமியின் தங்கை மகள். ஓம் என்றிருந்தால் என் வலிப்பு அன்றைக்கே மாமியின் காதுக்குப் போயிருக்கும். கலியாணத்துக்கு முன், வலிப்பைப் பற்றி இங்கே ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்று அம்மா வாங்கிய சத்தியம் உங்களுக்குத் தெரியும்தானே.

இப்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. இவர் சாப்பிடக் கூப்பிட்டாலும் எரிச்சல். "கண்ணூறு பட்டிருக்கு" என்று மாமி நூல் கட்டுவித்தார். போன கிழமை வலிப்பு வந்தமாதிரி கை வெட்டி இழுத்துத் தேத்தண்ணிக் கோப்பை விழுந்தது. வலிப்பு மருந்தை ஒருநாளும் விடவில்லை. இத்தனை வருடம் வராதது ஏன் வருகிறது?

சுபா

கோப்பாய்
18.06.2024

அன்பின் சுபா,

கண்ணூறில் எனக்கு நம்பிக்கை இல்லை; இணையத்தில் படிப்பதிலும் அவ்வளவு இல்லை. உன் பெயர் சொல்லாமல் தெரிந்த வைத்தியர் ஒருவரிடம் கேட்டேன். நீ எடுக்கும் வலிப்பு மருந்தின் அளவை இந்த வகைக் குளிசை இரத்தத்தில் குறைத்துவிடுமாம். அழுகையும் எரிச்சலும் சிலருக்கு அதனால் வருவதுண்டாம். உனக்கு வருவது குளிசையாலா, மறைத்து வாழ்வதாலா என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நீயாக எதையும் நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம். உடனே நரம்பியல் கிளினிக்குக்குப் போய் இரண்டு மருந்தையும் மேசையில் வை. நானும் வருகிறேன். அதுவரை குளிக்கும்போது கதவைத் தாழிடாதே.

உன் கணவர் மயூரதனிடம் சொல் என்று எழுதமாட்டேன். அவர் எப்படிப்பட்டவர் என்று உனக்குத்தான் தெரியும். ஆனால் நீ விழும்போது பக்கத்தில் இருக்கப்போகிறவர் அவர். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியாது.

உதயகலா

சாவகச்சேரி
02.07.2024

சின்னம்மாவுக்கு,

ஆட்கள் நடமாடும் வீட்டில் தாழிடாமல் எப்படிக் குளிப்பது? தாழிட்டேன். கிளினிக்குக்குப் போகமுதலே வலிப்பு வந்து உள்ளே விழுந்துவிட்டேன். இவர் கதவை உடைத்துத்தான் வந்தாராம். நெற்றியில் தையல்.

"எப்பயிருந்து?" என்று கேட்டார்.

"பள்ளிக்கூடத்தில படிக்கேக்கையே."

எழும்பி வெளியே போய்விட்டார். ஆஸ்பத்திரியில் குளிசையை நிறுத்தி வேறு தடைமுறை தந்தார்கள். மருந்தின் அளவையும் அவர்களே பார்க்கிறார்கள். மாமி, "உவள் எங்களை ஏமாத்திப்போட்டாள்" என்றார்.

நேற்றுத் தச்சர் புதுக் கதவு போட வந்தார். தாழ்ப்பாளை எந்த உயரத்தில் வைப்பது என்று கேட்டார்.

"உள்ளுக்குத் தாழ்ப்பாள் வேண்டாம்" என்றார் இவர். "அவ குளிக்கேக்கை நான் வெளியில நிப்பன்."

கோபம் தீர்ந்ததா தெரியவில்லை. இன்று காலை குளிக்கும்போது வெளியிலிருந்து, "சுபா?" என்றார். ஓம் என்றேன். கொஞ்சம் கழித்து மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஓம் என்றேன். இப்போதைக்கு எங்கள் கதை அவ்வளவுதான்.

உங்கள் சுபா