ஆறு விட்டுப்போன நிலம்

பிப்ரவரி 4

பேருந்தில் வரும் வழியெல்லாம் வகுப்புத் தோழன் நெட்டையின் வாய் ஓயவில்லை. "வரைபடத்துல சமவுயரக் கோடுங்க ஒண்ணையொண்ணு எங்க தொடும்?" என்று அத்தனை பேர் முன்னால் கத்திக் கேட்கிறான். செங்குத்துப் பாறையில் என்றேன். முன் இருக்கைப் பெரியவர் திரும்பி எங்களை ஒரு மாதிரி பார்த்தார். நில அளவைத் துறைத் தேர்வுக்கு நாங்கள் படிக்கும் லட்சணம் இதுதான். முதுகலைப் புவியியல் வகுப்பில் ஆய்வேட்டுக்காகக் களத்துக்குக் கிளம்பியது நாங்கள் இருவர் மட்டுமே. மற்றவர்கள் கணினி முன்னாலேயே முடித்துக்கொள்கிறார்கள்.

கிளம்பும்போது அண்ணன் வழக்கம்போல ஆரம்பித்தான். "போன எடுத்தா வழி சொல்லுது. இன்னும் என்னத்த வரையப் போற?"

"அந்தப் போனுக்கு யாராச்சும் வரைஞ்சு குடுக்கணும்ல."

"அதான் எவனோ வரைஞ்சு முடிச்சுட்டானே."

தங்கியிருப்பது படகுக்கார அக்கா வீட்டில். ஆற்றின் வளைவில், கரையை ஒட்டி வீடு. அக்கா, அவர் வீட்டுக்காரர், வீட்டுக்காரரின் தம்பி. தம்பியைச் 'சின்னவர்' என்றே ஊரில் எல்லோரும் கூப்பிடுகிறார்கள். படகு ஓட்டுவது பெரும்பாலும் அவர்தான்.

இந்த ஆறு முப்பது வருடத்தில் எப்படி இடம் மாறியது என்பது என் ஆய்வு. நடு ஆற்றில் ஒரு திட்டு. மணல்மேல் வண்டல் படிந்து, இப்போது நல்ல விளைநிலம். இக்கரைக்காரர்கள் தங்களுடையது என்கிறார்கள். அக்கரைக்காரர்களும் அதையேதான் சொல்கிறார்கள்.

"திட்டுன்னு பேரு வச்சா, போற வர்றவன்கிட்டல்லாம் திட்டு வாங்காம முடியுமா?" என்றார் சின்னவர்.

பிப்ரவரி 7

அக்கா திட்டில் கட்டியிருந்த பசுவின் பின்னங்கால் நரம்பை யாரோ வெட்டிவிட்டார்கள். அது எழப் பார்க்கிறது, விழுகிறது. மறுபடி எழப் பார்க்கிறது. அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றார். சின்னவர் கடப்பாரையை எடுத்தார்.

"நீ அந்தப் பக்கம் திரும்பிக்கம்மா."

நான் திரும்பவில்லை. ஒரே அடிதான். பிறகு ஆற்றில் இறங்கி நெடுநேரம் கை கழுவினார். கரையேறி வந்து, "சாப்பிட்டீங்களா ரெண்டு பேரும்?" என்று கேட்டார்.

பிப்ரவரி 9

இன்று அக்கரை. கரையோரப் புள்ளிகளைக் குறிக்க வேண்டியிருந்தது. சிலர் முறைத்தார்கள். ஒருவன் மட்டும் வந்து பேசினான். என் வயதுதான் இருக்கும். வெள்ளரித் தோட்டம் வைத்திருக்கிறான். உப்புத் தடவி ஆளுக்கு இரண்டு வெள்ளரிக்காய் தந்தான். நெட்டை உடனே அவனுக்கு 'வெள்ளரிக்காரன்' என்று பெயர் வைத்துவிட்டான்.

"எங்க தாத்தா வயல ஆறு தின்னுடுச்சு. அது எங்க இருந்துச்சுன்னு உங்க படத்துல தெரியுமா?"

மடிக்கணினியைத் திறந்து பழைய செயற்கைக்கோள் படத்தைக் காட்டினேன். அதன்மேல் இன்றைய படத்தை வைத்தேன். அவனிடம் அவன் அப்பா சொல்லியிருந்த பழைய பம்ப்செட், தென்னை வரிசை, எல்லாம் இருந்தன. அவற்றின்மேல் இன்றைய திட்டு அச்சாக உட்கார்ந்திருந்தது.

அவன் வெகுநேரம் பார்த்தான். "இதத்தான் நாங்க சொன்னோம்" என்றான். மெதுவாகத்தான் சொன்னான்.

பிப்ரவரி 10

காட்டியிருக்கக் கூடாது என்கிறான் நெட்டை. கேட்டான், காட்டினேன். படம் என்பது பார்க்கத்தானே?

பிப்ரவரி 14

மருத்துவமனை வராந்தா. என் கையெழுத்து எனக்கே புரியவில்லை. எழுதாவிட்டால் கண்ணை மூட முடியாது போலிருக்கிறது.

முந்தாநாள் காலை. வண்டல் அடுக்குகளைப் பார்க்கத் திட்டில் குழி வெட்டிக்கொண்டிருந்தோம். நெட்டை குழிக்குள் இடுப்பளவு நின்றான். சின்னவர் படகைக் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். அக்கரையிலிருந்து இரண்டு படகுகள் வந்தன. மண்வெட்டி, கம்பு, அரிவாள். முன்னால் வெள்ளரிக்காரன்.

"இது எங்க தாத்தா நெலம். படத்துலயே இருக்கு. நம்பலைன்னா அந்தப் பொண்ணையே கேளு."

சின்னவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபமாக இல்லை. சந்தேகம் கேட்பதுபோல.

"அப்படியாம்மா?"

நான் வாயைத் திறக்கவில்லை. ஆமாம் என்றோ இல்லை என்றோ ஒரு வார்த்தை — ஏன் வரல? வாயில என்ன இருந்துச்சு எனக்கு?

அவர் இன்னும் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் இருந்து ஒருவன் மண்வெட்டியைச் சுழற்றினான். ஈரக் களிமண்ணில் வெட்டுவதுபோல ஒரு சத்தம். சின்னவர் விழவில்லை, உட்கார்ந்தார். களைப்பாறுவதுபோல மெதுவாக உட்கார்ந்தார். காதிலிருந்து ரத்தம் வந்தது. பிறகுதான் சாய்ந்தார்.

அதற்குள் இக்கரை ஆட்கள் படகிலிருந்து குதித்துத் தண்ணீரில் ஓடி வந்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் அரிவாளோடு முதல் ஆளாக வந்தார். தம்பியைப் பார்த்ததும் அவர் தொண்டையிலிருந்து வந்தது பேச்சே இல்லை. எதிரில் நின்றவனின் தோளில் வெட்டினார். எலும்பில் மாட்டிய அரிவாளைக் காலால் மிதித்துப் பிடுங்கினார்.

நெட்டை குழியிலிருந்து ஏறப் பார்த்தான். விளிம்பில் கை வைத்தான், வலது கை. வெள்ளரிக்காரனின் மண்வெட்டி அதன்மேல் இறங்கியது. இரண்டு விரல்கள் மண்ணில் கிடந்தன. நெட்டை அவற்றைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். வெள்ளரிக்காரன் மறுபடி ஓங்கினான்.

என் கையில் அளவுக்கம்பு இருந்தது. சிவப்பும் வெள்ளையும் அடித்த கம்பு, அடியில் இரும்பு முனை. அந்த முனையால் அவன் முகத்தில் குத்தினேன். மண்வெட்டியைப் போட்டுவிட்டு முகத்தைப் பொத்திக்கொண்டு விழுந்தான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

நிறுத்தல. கீழ கெடந்தவன அடிச்சேன். மறுபடியும் அடிச்சேன். மொத அடி நெட்டைக்காக. அடுத்தது யாருக்காக? தெரியல. கம்பு ஒடஞ்சப்புறம்தான் நின்னேன்.

பிப்ரவரி 15

சின்னவரின் அடக்கம் முடிந்துவிட்டதாம். போலீஸ் என்னைப் போக விடவில்லை. நெட்டையின் விரல்களை ஒட்டவைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வெள்ளரிக்காரன் இதே கட்டடத்தில் கீழ்த்தளத்தில் இருக்கிறான். இடது கண் போய்விட்டது, கையும் ஒடிந்திருக்கிறது.

பிப்ரவரி 17

அண்ணன் இரண்டு நண்பர்களோடு மருத்துவமனைக்கு வந்தான். வண்டியில் இரும்புக் குழாய் இருந்தது.

"எவன்னு மட்டும் சொல்லு. கைய ஒடச்சுட்டு வந்துடறோம்."

"நான் ஏற்கெனவே ஒடச்சுட்டேன்ணா. கண்ணும் போச்சு. இன்னும் என்ன வேணும் உனக்கு?"

அவன் என்னைப் பார்த்த பார்வை புதிது. பயந்தானா? குழாயோடு ஊருக்குத் திரும்பிப் போய்விட்டான்.

பிப்ரவரி 21

இரண்டு கரைக்காரர்கள்மேலும் வழக்கு. என் பெயரும் இருக்கிறது. எனக்கு ஜாமீன் கிடைத்தது. அக்காவின் வீட்டுக்காரருக்குக் கிடைக்கவில்லை.

மார்ச் 2

துக்கம் கேட்கப் போனேன். படகுத் துறையில் இறங்கியதுமே கூட்டம் கூடிவிட்டது. "நம்ம பொண்ணு வந்துருக்கு" என்றார்கள். ஒரு அம்மாள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "ஆம்பளைங்களே பின்வாங்கினாங்க, நீ நின்னியே."

எனக்கு அது பிடித்திருந்தது. எழுதவே கூசுகிறது, ஆனாலும் பிடித்திருந்தது. பேருந்தில் திரும்பும்போது அதை நினைத்துச் சிரித்தேன்கூட. பிறகு ஜன்னல் வழியாக வாந்தி எடுத்தேன்.

மார்ச் 11

நெட்டை இடது கையால் எழுதிப் பழகுகிறான். அவன் 'ஆறு' என்று எழுதினால் அது நிஜமாகவே வளைந்து வளைந்து ஓடுகிறது. நான் சிரிக்கவில்லை என்று கோபித்துக்கொண்டான். "வெரலு போனது எனக்கு. மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கறது நீயா?"

மார்ச் 18

வக்கீல் வரச் சொன்னார். இக்கரைக்காரர்கள் எல்லோருக்கும், எனக்கும் சேர்த்து, அவர்தான். அக்காவும் உட்கார்ந்திருந்தார்.

"திட்டு நம்ம கரையோடதுன்னு ஆயிட்டா கேஸ் லேசாயிடும்மா. அவங்க புகுந்தாங்க, நாம தடுத்தோம். உனக்கும் நல்லது, வேலைக்குப் போற பொண்ணு. கோர்ட்ல குடுக்கப்போற உன் படத்துல அந்தப் பழைய வருஷத்த மட்டும் விட்டுடு. மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்."

பழைய வருடத்தை விட்டுவிட்டால் திட்டு தண்ணீரிலிருந்து புதிதாக முளைத்த மாதிரி தெரியும். இக்கரைப் பக்கமாக வளர்வதுபோலவும் தெரியும். பொய் என்று ஒரு கோட்டைக்கூடக் காட்ட முடியாது. ஒரு படம் இருக்காது, அவ்வளவுதான்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "எங்க வீட்டுச் சோத்தத் தின்ன. அவன் கையப் புடிச்சுப் படகு ஏறுன. அத மட்டும் நெனச்சுக்க" என்றார்.

மார்ச் 20

எடுத்துவிட்டேன். அந்த வருடம் இல்லாமலும் ஆய்வேடு அழகாகத்தான் இருக்கிறது.

மார்ச் 23

எதைப் படித்தாலும் "அப்படியாம்மா?" என்று கேட்கிறது.

அன்றைக்குப் பதில் சொல்லியிருந்தால்? ஆமாம், அவங்க நெலம்தான் சின்னவரே, வாங்க போயிடலாம் — அப்படிச் சொல்லியிருந்தால் அவர் படகை அவிழ்த்திருப்பாரா? அவிழ்த்திருப்பார் என்றுதான் தோன்றுகிறது. மடத்தனமான நம்பிக்கையாகவும் இருக்கலாம்.

பழைய படத்தைத் திரும்பச் சேர்த்தேன்.

ஏப்ரல் 9

வழிகாட்டி மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். "எது வச்சாலும் நான் கையெழுத்துப் போடறேன். ஆனா கோர்ட்டுக்கு மட்டும் என்னக் கூப்பிடாத." கோபம் வந்தது. வெளியே வந்து மரத்தடியில் நின்றபோது போய்விட்டது. அவருக்கும் பயம் இருக்காதா?

மே 6

ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டேன். முழுதாக.

மே 29

அக்கரை வக்கீல் பல்கலைக்கழகத்துக்கு எழுதி அதன் நகலை வாங்கிவிட்டார். விசாரணை அதிகாரி என்னை அழைத்து, "இது நீங்க வரைஞ்சதா? சரிதானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். இந்தத் தடவை வாய் திறந்தது.

ஜூன் 12

அக்காவின் வீட்டுக்காரருக்கு மறுபடி ஜாமீன் மறுத்துவிட்டார்கள். அடுத்தவர் நிலத்தில் ஆயுதத்தோடு நுழைந்தவர் என்று எழுதியிருக்கிறார்களாம்.

நீதிமன்றப் படியில் அக்கா என்னை அறைந்தார். முதல் அறையில் உதடு கிழிந்தது. இரண்டாவதில் கீழே விழுந்தேன். தலைமுடியைப் பிடித்துத் தூக்கி மறுபடி அடித்தார். துடுப்புப் போடும் கை. யாரோ இழுக்க வந்தார்கள், விடுங்க என்றேன்.

"அவன் ஒன்ன தங்கச்சின்னு சொன்னான்டீ. தங்கச்சின்னு சொன்னான்."

எனக்குத் தெரியாது. என்னிடம் சின்னவர் அப்படிச் சொன்னதே இல்லை.

ஜூன் 13

பல் ஒன்று ஆடுகிறது. அண்ணன் கஞ்சி வைத்துத் தந்தான்.

ஜூன் 30

போன வாரம் நில அளவைத் துறை நேர்முகத் தேர்வு. ஆறு எப்படி வளைகிறது, வெளிவளைவை ஏன் அரிக்கிறது, உள்வளைவில் ஏன் மண்ணைச் சேர்க்கிறது என்றெல்லாம் கேட்டார்கள். தூங்கும்போது எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். கடைசியில் நடுவில் இருந்தவர் கோப்பைப் புரட்டினார்.

"ஒருத்தர் கண்ணு போயிருக்கு."

"ஆமாங்க சார்."

"தற்காப்பா?"

"மொத அடி தற்காப்புதான் சார்."

பேனாவை மூடி வைத்தார். இன்று கடிதம் வந்தது: வழக்கு முடியும்வரை என் முடிவு நிறுத்திவைக்கப்படுகிறது. நெட்டைக்கு வேலை கிடைத்துவிட்டது, வரைபடப் பிரிவில். அதைச் சொல்ல அவன் என்னைக் கூப்பிடவே தயங்கியிருக்கிறான், கழுதை.

ஜூலை 8

பல்கலைக்கழகத்தில் எங்கள் துறையிலேயே வெள்ள ஆய்வுத் திட்டத்தில் தற்காலிக உதவியாளராகச் சேர்ந்தேன். அதே ஆறு. மழை வலுத்தால் தண்ணீர் எங்கே ஏறும், கரை எங்கே உடையும் என்று கணக்குப் போட வேண்டும். சம்பளத்தைக் கேட்டு அண்ணன் கொஞ்சம் சிரித்தான். ரொம்ப நாளைக்குப் பிறகு.

ஜூலை 22

மழை நிற்கவில்லை. மதியம் தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு.

"நான்தான்."

அக்கா. எழுந்து நின்றுவிட்டேன்.

"மேல அணையத் தொறக்கப் போறாங்களாம். ஆளுக்கொண்ணு சொல்றாங்க. தலைவர் ஒண்ணும் ஆகாதுங்கறாரு. எங்க வீடு நிக்குமா?"

திரையில் அவர்கள் வளைவுதான் இருந்தது. காலையிலிருந்து நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நிக்காதுக்கா. கரை அங்கதான் மொதல்ல விழும். இப்பவே கெளம்புங்க. மேட்டுப் பள்ளிக்கூடம் வரைக்கும் தண்ணி வராது."

"வேற யாரு சொல்லியிருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன். அதுக்காக ஒன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத."

"இல்லக்கா."

"அக்கரையில?"

"அங்க தாழ்வு ஜாஸ்தி. இன்னும் மோசம்."

"சொல்லியாச்சா?"

"கலெக்டர் ஆபீஸ்ல இருந்து தகவல் போயிருக்கும். யாரும் கெளம்புன மாதிரி தெரியல."

"கண்ணு போனவன் நம்பர் எங்கிட்ட இருக்கு. கேஸுக்காக வக்கீல் குடுத்தது. எழுதிக்க."

ஒவ்வொரு எண்ணாகச் சொன்னார். வைத்துவிட்டார்.

மூன்றாவது தடவை அழைத்தபோது எடுத்தான். நான் யார் என்று சொன்னேன். துண்டிக்கப் போகிறான் என்று காத்திருந்தேன்.

"சொல்லு" என்றான்.

ஜூலை 24

அக்காவின் வீடு நேற்று காலை ஆற்றில் விழுந்துவிட்டது. பாத்திரம், தையல் மிஷின், கன்றுக்குட்டி எல்லாம் பள்ளிக்கூடத்தில் பத்திரம். அக்கரையிலும் எல்லோரும் மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். வெள்ளரிக்காரன் ஒரே வார்த்தையில் செய்தி அனுப்பியிருந்தான்: "வந்துட்டோம்."

திட்டு இருக்கிறதா என்று அவனும் கேட்கவில்லை, அக்காவும் கேட்கவில்லை. இன்றைய செயற்கைக்கோள் படம் வந்துவிட்டது. நான் இன்னும் திறக்கவில்லை.