காதுக்குள்ள குடியிருக்கிற விசில்

வெள்ளிக்கிழமை. மழை.

தேயிலை பெக்டரியில இருபது வருஷம் ரோலர் மெஷின் பக்கத்துல நின்னதுல, காதுக்குள்ள ஒரு விசில் குடிவந்துருச்சு. அதை மறைக்க ராத்திரி பூரா ரேடியோ போடுவேன். தூக்கம் கெட்டு, என் பொஞ்சாதி செல்வி போன மாசமே முன் காம்பராவுக்குப் படுக்கப் போயிட்டா.

நேத்து அட்டன் டவுன்ல டாக்டர் காது கேக்குற மெஷின் குடுத்தாரு. சத்தத்தால கெட்ட காதுக்கு அமைதிதான் மருந்துன்னு நெனச்சு, பெக்டரியில பஞ்சு வைக்கிற மாதிரி, ஆன் பண்ணாமலே மாட்டியிருந்தேன். விசில் கூடித்தான் போச்சு. இன்னைக்கு சாயங்காலம் செல்வி பாத்துட்டா.

"இது என்னங்க தோடா, அழகுக்கு மாட்டிக்க?"

அவளே ஆன் பண்ணிவிட்டா. ரொட்டி தட்டுற சத்தம், வெளிய பீலிக் குழாயில தண்ணி விழுகுறது எல்லாம் உள்ள வந்துச்சு. விசிலைத் தேடினேன். பின்னாடி சின்னதா நின்னுச்சு. வெளிச் சத்தம் கூடினா உள்சத்தம் எப்படிக் குறையுது? கழட்டியும் மாட்டியும் அஞ்சாறு தடவை பாத்தேன்.

"இனிமே நான் வாய்க்குள்ள திட்டுறதும் கேக்குமா?"

"அதுக்குத்தானே வாங்குனேன்."

படுக்கும்போது கழட்டணுமாம். கழட்டினதும் விசில் வந்துருச்சு. ஆனா ரேடியோ போடல. தகரத்துல விழுகுற மழைச் சத்தம் போதுமான்னு பாக்கணும். செல்வி பாயோட வந்து நிக்கிறா.

"மழை விட்டா என்ன செய்வீங்க?"

நீ சத்தமாத் திட்டு, அது போதும்னேன். பாயை விரிச்சுட்டு, லைட்டை அணைக்கச் சொல்றா.