அந்தப் பழைய டிவியைக் கொடுத்துவிடவில்லை, அத்தை

என் அன்புச் சண்டைக்காரி அத்தைக்கு,

உங்கள் பழைய டிவியைத் தூக்கிப் போடச் சொல்லி வீட்டில் எல்லோரும் ஒரே பிடியாக நின்றார்கள். நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். நீங்கள் இருந்திருந்தால் இந்த ஒரு விஷயத்திலாவது என் பக்கம் பேசியிருப்பீர்களா? ரிமோட்டுக்காக நாம் போடாத சண்டையா! கிள்ளானில் பாதிப் பேருக்குக் கேட்டிருக்கும்.

நடந்ததைச் சொல்கிறேன். நீங்கள் போன பிறகு மாமா யாரிடமும் எதையும் கேட்பதில்லை. பசித்தாலும் வாய் திறப்பதில்லை. வைத்தால் சாப்பிடுவார், மறந்துவிட்டால் அப்படியே இருந்துவிடுவார். கேட்காமலே எல்லாவற்றையும் கையில் கொண்டுபோய்க் கொடுத்துப் பழக்கினீர்களே, அதற்கு உங்களைத்தான் திட்ட வேண்டும். உங்கள் காரியத்தன்று நாங்கள் எல்லோரும் அழுதோம். அவர் மட்டும் வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டுக்கொண்டே இருந்தார்.

சாயங்காலம் ஆனால் மட்டும் அறையைவிட்டு வெளியே வருவார். அந்தப் பெட்டி டிவியின் பொத்தானைத் தானே அமுக்கி, நீங்கள் பாதியில் விட்டுப் போன நாடகத்தைப் பார்ப்பார். துறைமுகத்தில் உழைத்த காது, பேச்சு சரியாகக் கேட்காது. அடியில் ஓடுகிற மலாய் எழுத்தைப் படித்துக்கொள்வார். அந்த ஒரு மணி நேரம்தான் அவர் எங்களோடு உட்காருவது. பேத்தியிடம் இரண்டு வார்த்தை பேசுவதும் அப்போதுதான்.

அதற்கும் வந்தது வினை. இனி எல்லாச் சேனலும் எச்டிதான் என்று, டிவிக்குச் சேனல் தருகிற பழைய டப்பாவைக் கழற்றிவிட்டுப் புது டப்பா வைக்க ஆள் வந்தார். டிவியின் முதுகை எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அக்கா, இந்த வயர் சொருக இதுல எடமே இல்ல லா. மஞ்சள், சிவப்பு, வெள்ளைன்னு மூணு ஓட்டதான் இருக்கு. புது டிவி வாங்கிடுங்க."

உடனே ஸ்ரீ கெம்பாங்கானில் இருக்கிற உங்கள் சின்ன மகன் குமரன், சுவரையே அடைக்கிற மாதிரி ஒரு டிவியைக் கொண்டுவந்து மாட்டிவிட்டான். நல்ல மனசுதான், குறை சொல்லவில்லை. பழையதைக் கார் நிறுத்துகிற இடத்தில் தள்ளி வைத்தார்கள், பழைய சாமான் லோரி வந்தால் கொடுத்துவிடலாம் என்று.

புது டிவியில் நடிகையின் முகத்தில் பவுடர் திட்டுக்கூடத் தெரிந்தது. ஆனால் மாமா ரிமோட்டில் எதையோ அமுக்க, திரை முழுக்கக் கட்டம் கட்டமாக என்னென்னவோ வந்து நின்றது. இன்னொன்றை அமுக்கினார், அது பேச ஆரம்பித்தது. எங்களைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டு அறைக்குள் போய்விட்டார். மறுநாள் சாயங்காலம் அவர் வெளியே வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் வரவில்லை.

குமரனுக்குப் போன் போட்டேன். "பழகிக்குவாரு அண்ணி, கொஞ்சம் டைம் குடுங்க" என்றான்.

"உங்கப்பாவுக்கு எம்பது வயசாகுது. எங்கேருந்து டைம் குடுக்கிறது?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். என் கோபம்தான் உங்களுக்குத் தெரியுமே.

மறுநாளே கோலாலம்பூருக்குக் கொமுட்டர் ரயில் ஏறிவிட்டேன். பிரிக்பீல்ட்ஸில் கடை கடையாக ஏறி இறங்கி, புது டப்பாவையும் பழைய டிவியையும் சேர்த்து வைக்கிற ஒரு சின்னக் கருவியைப் பிடித்தேன். கடைக்காரருக்கு அதை விற்கவே மனசில்லை.

"ஆன்டி, எச்டி படத்த இதுல விட்டாலும் மங்கலாத்தான் வரும். வேஸ்ட் லா."

"பாஸ், இத்தன வருசமா நாங்க மங்கலாத்தான் பாத்தோம். ஒண்ணும் கொறஞ்சு போகல. எடுங்க."

வீட்டுக்கு வந்து உங்கள் பெரிய மகனைப் பிடித்து டிவியைத் தூக்க வைத்தேன். "முதுகு போச்சு, முதுகு போச்சு" என்று முனகிக்கொண்டே உள்ளே கொண்டுவந்தார். மாட்டினால் படம் கறுப்பு வெள்ளையில் ஓடுகிறது! "அலாமாக், இதுக்கா கேஎல் வரைக்கும் போன?" என்றார். வாயை மூடுங்கள் என்றேன். கருவியின் ஓரத்தில் கண்ணுக்கே தெரியாத ஒரு சுவிட்சு இருந்தது. அதைத் தள்ளியதும் கலர் வந்தது. ஆனால் ஆட்களெல்லாம் நெட்டை நெட்டையாக நின்றார்கள். படத்தைப் பெரிதாக்கினேன். முகம் சரியானது, மலாய் எழுத்தின் இரண்டு முனையும் திரைக்கு வெளியே போய்விட்டது. அந்த எழுத்து இல்லாமல் மாமாவுக்கு எந்தப் படம் எதற்கு?

விடவில்லை, அத்தை. பழைய டிவியின் மெனுவுக்குள்ளேயே துழாவி, அகலப் படத்துக்கான அமைப்பைக் கண்டுபிடித்தேன். படம் முழுசாக வந்தது. மேலேயும் கீழேயும் மட்டும் கறுப்புப் பட்டை. எழுத்து கொஞ்சம் பொடிசாகத் தெரிந்ததால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டேன். டப்பாவை அணைக்காமல் நாடகச் சேனலிலேயே விட்டு வைத்தேன். மாமா அந்தப் பழைய பொத்தானை அமுக்கினால் போதும்.

"மாமா, நம்ம டிவி வந்துருச்சு!" என்று அறை வாசலில் கத்திவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். நின்றுகொண்டிருந்தால் வரமாட்டார். குழம்பைக் கிண்டிக்கொண்டே காதைத் தீட்டி வைத்திருந்தேன். பிறகு 'டக்'கென்று பொத்தான் அமுங்கியது.

எட்டிப் பார்த்தேன். மாமா உட்காராமல் நின்றுகொண்டே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரும்மா தவறிட்டாங்க?"

"யாரும் இல்லையே மாமா. ஏன்?"

"பின்ன ஏன் மேலயும் கீழயும் கறுப்பு கட்டியிருக்கான்?"

டிவிக்காரர்கள் யாருக்கோ துக்கம் காட்டுகிறார்கள் என்று நினைத்துவிட்டார். பக்கத்தில் போய்க் காதோரம் கத்தினேன். "இப்ப படமெல்லாம் அகலமா வருது மாமா. நம்ம டிவி சதுரம். மிச்ச எடம்தான் கறுப்பாத் தெரியுது."

தலையை ஆட்டினார். "நான் உங்கத்தைக்குன்னு நெனச்சேன். ஒருநா விடாமப் பாத்தவளாச்சே" என்று சொல்லிச் சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து, தோளில் கிடந்த துண்டால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார், அத்தை. குலுங்கிக் குலுங்கி அழுதார். உங்கள் மகன் பதறி ஓடிவந்தார். விடுங்கள், அழட்டும் என்று சொல்லிவிட்டு, அவர் காலடியில் உட்கார்ந்து நானும் அழுதேன். எவ்வளவு நாளாக அதை உள்ளே வைத்திருந்தாரோ!

அழுது ஓய்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "வயிறு பசிக்குது. ஏதாச்சும் இருக்காம்மா?"

கேட்டார், அத்தை. வாய்விட்டுக் கேட்டார்.

இந்தப் பெட்டி எத்தனை நாளைக்கு ஓடும் என்று உங்கள் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஒருநாள் நின்றுதான் போகும், எனக்கும் தெரியும். அன்றைக்குச் செந்தூலோ செலாயாங்கோ, எவர் வீட்டு மூலையில் இதேபோல் ஒன்று கிடந்தாலும் கேட்டு வாங்கித் தூக்கி வருவேன். முதுகு போகிறவர் போகட்டும். மாமா தன் கையால் அமுக்கிப் பார்க்கிற டிவி இந்த வீட்டில் எப்போதும் இருக்கும். பசித்தால் அவர் கேட்கிற தூரத்தில் நான் இருப்பேன். இது உங்கள் மேல் சத்தியம்.

உங்களிடம் எதற்கும் விட்டுக்கொடுக்காத,
உங்களை யாரிடமும் விட்டுக்கொடுக்காத,
மூத்த மருமகள்