பதினாறு நாள்கூட இருக்காத பிள்ளைக்குப் பெயர்

என்னங்க, எங்கிருந்தாலும் என் பேச்சுக்குக் காது கொடுக்கிறவரே,

முதலில் நல்ல சேதி. மகனின் பிள்ளை பல் டாக்டராகிவிட்டான். நம் ஊரிலேயே, புக்கிட் மேராவில் கிளினிக். அவன் தங்கை சட்டம் முடித்துவிட்டாள். மகளின் பிள்ளை கயல் வெளிநாட்டில் பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். ஐந்தாவது படித்த எனக்குப் போனிலேயே பாடம் நடத்தினாள்.

இயற்கையில் இல்லாத நூற்றுப்பதினைந்தாவது தனிமத்தை உண்டாக்குகிறார்களாம். அமெரிசியம் என்கிற உலோகத்தின் மேல் கால்சியத்தை நாள்கணக்கில் மோதவிட்டால், எப்போதாவது ஓர் அணு பிறக்கும். ஈயத்தின் அணுவைவிடக் கனம். ஒரு நொடிக்குள் உடைந்துவிடும். நூற்றுப்பதின்மூன்று, நூற்றுப்பதினொன்று என்று அது இறங்கிப்போன தடத்தை வைத்துத்தான், இருந்தது என்றே சொல்கிறார்கள்.

“ஒரு நொடிகூட இருக்காததுக்கு எதுக்குடி பேரு?” என்றேன்.

“இருந்துச்சுல்ல பாட்டி? செக் பண்ணி உண்மைன்னு தெரிஞ்சா, பேரு வெச்சுத்தான் ஆகணும் லா.”

போனை வைத்ததும் நினைவு நம் மூத்தவனிடம் போனது. நமக்கு முதலில் பிறந்தவன் ஒரு மணி நேரம் இருந்தான். என் விரலைப் பிடித்தான். பதினாறாம் நாள்தான் பெயர்; அதற்கு முன் போனால் பெயர் கிடையாது, திதி கிடையாது என்றார் உங்கள் அம்மா. நாம் அப்போது இருந்த குவீன்ஸ்டவுன் வீட்டிலிருந்து துண்டில் சுற்றி நீங்கள் தூக்கிப் போனீர்கள். வந்து குளித்தீர்கள், வேலைக்குப் போனீர்கள். எங்கே புதைத்தீர்கள்? ஒரு தடவையாவது திரும்பப் போய்ப் பார்த்தீர்களா? நானும் கேட்கவில்லையே.

இந்த வருஷம் உங்கள் நினைவஞ்சலி விளம்பரத்தில் அவனையும் சேர்க்கச் சொன்னேன். நம் மகன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

“அம்மா, அறுபது வயசுல நான் மூத்தவன் இல்லைன்னா, சொந்தக்காரங்க சிரிப்பாங்க லா.”

“சிரிக்கட்டும். உனக்கு முன்னாடியே நான் அம்மாவாயிட்டேன்டா.”

விளம்பரம் எழுதிய தாளை எடுத்தான். பிறகு, “என்ன பேரும்மா போடணும்?” என்றான்.

வேலாயுதம் என்றேன். வயிற்றில் இருந்தபோது, தைப்பூசத்தன்று டேங்க் ரோடு கோயிலில் நானே நினைத்துக்கொண்ட பெயர். உங்களிடம்கூடச் சொன்னதில்லை. வாய்விட்டுச் சொன்னதும் அழுகைதான் வந்தது, ஆறுதல் வரவில்லை.

உங்கள் திதியன்று இனி அவனுக்கும் தனி இலை போடுவேன். நான் இருக்கும்வரை அது நிற்காது. அவனுக்குத்தான் படமே இல்லை; தூரத்தில் இருக்கும் கயலாவது இப்போதைய முகத்தோடு ஒரு படம் எடுத்துத் தபாலில் போடட்டும். படம் இல்லாமல் இனி ஒருவரையும் நினைத்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது.

நம் மூன்று பிள்ளைகளின் அம்மா,
பாக்கியம்