ஏழு தாள்கள்

என் வாயாடிக்கு,

நீ உன் அக்கா வீட்டுக்குப் போய்ப் பதினோரு நாளாகிறது. வீட்டில் வேறு யாருமே இல்லை. இருந்தும் என் தம்ளரையும் துண்டையும் இன்னும் தனியாகத்தான் வைத்திருக்கிறேன்.

பேருந்தில் ஏறும் முன் கேட்டாய்: "ஒன்றரை வருஷமா பக்கத்துலயே வர மாட்டேங்கிறீங்க. என்னைப் பார்த்தா அவ்வளவு அருவருப்பா இருக்கா?"

நான் உன் பையைத் தூக்கிக் கொடுத்தேன்.

அருவருப்பு உன் மேல் இல்லை. பயிற்சிக்கென்று வெளியூர் போன அந்த வாரம், விடுதி அறையில் நான் தனியாக இல்லை. அதற்கு மேல் எழுதக் கை கூசுகிறது. அங்கிருந்து நோய் எதையாவது கொண்டுவந்து உனக்கும் கொடுத்துவிடுவேனோ என்ற பயம் அன்று பிடித்தது, இன்னும் விடவில்லை.

ஏழு முறை, ஏழு இடங்களில் ரத்தம் கொடுத்துவிட்டேன். ஏழிலும் ஒன்றுமில்லை. பரிசோதனைக் கூடத்தில் நாள் முழுக்க, "ஒண்ணும் இல்லைங்க, நிம்மதியா போங்க" என்று மற்றவர்களுக்குச் சொல்பவன் நான். ஆனால் ஒருமுறை இரண்டு ரத்த மாதிரிக் குழாய்களில் பெயர்ச்சீட்டை மாற்றி ஒட்டியவனும் நான்தான். உடனே கவனித்துத் திருத்திவிட்டேன். என் ரத்தம் போன இடங்களிலும் என்னைப் போல ஒருவன் இருந்திருப்பானே?

நேற்று எங்கள் கூடத்து டாக்டர், நான் காட்டிய கடைசித் தாளையும் பார்த்துவிட்டு மடித்துக் கொடுத்தார். "உடம்புல ஒண்ணுமில்லப்பா. என்கிட்ட ஏழு தடவை கேட்டுட்ட. வீட்டுல ஒரு தடவையாவது சொன்னியா?"

ஏழு தாள்களையும் இத்துடன் வைத்திருக்கிறேன். யாரும் அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று எல்லாவற்றிலும் பொய்ப் பெயர் கொடுத்திருந்தேன். எனக்கு நோயில்லை என்று உனக்குக் காட்ட என் பெயரில் ஒரு தாள்கூட இல்லை. நான் செய்ததற்கு மட்டும் சாட்சியாக இந்தக் கடிதம் இருக்கிறது.

உன்
உம்மணாமூஞ்சி